ரே ரோட்டில் நின்ற ரயில்

செம்பூரில் எங்கள் வீடு ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. அதில் நாங்கள் நான்கு பேர். மும்பைக் கட்டடங்களில் ஜன்னலுக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும் கம்பிக் கூண்டைப் பார்த்திருப்பீர்கள். துணி உலர்வதும் துளசி வளர்வதும் அதில்தான். எங்கள் கூடத்தில் அந்தக் கூண்டுக்கு உட்பக்கமாக மூன்றடிக்கு இரண்டடியில் ஒரு பழைய மேசை கிடக்கிறது. அது மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளுடையது. என் அப்பா அதைப் 'பட்டறை' என்பார். நான் வேறு பெயர் வைத்திருந்தேன். அதை எழுத இப்போது கூச்சமாக இருக்கிறது.

ஸ்ரீகண்ட் டப்பாக்கள், தீர்ந்துபோன செல்லோடேப்பின் அட்டை வளையங்கள், உடைந்த கண்ணாடி வளையல், காலி மாத்திரை அட்டை, ஒரு படி தேறும் அளவுக்கு பாட்டில் மூடிகள், வாய் அடைத்துக்கொண்ட ஃபெவிக்கால், மூடி தொலைந்த ஸ்கெட்ச் பேனாக்கள், எல்லாவற்றுக்கும் அடியில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்ட ஒரு செய்தித்தாள். ஜூன் மாதம் மழை தொடங்கினால் அந்தச் செய்தித்தாளிலிருந்து ஒரு வாடை வரும். நான் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறவன். ஒரு தாள் இடம் மாறி இருந்தாலே எனக்குத் தலை வலிக்கும்.

பிள்ளையார் சதுர்த்திக்கு இரண்டு நாள் முன்பு. டோம்பிவிலியிலிருந்து உறவினர்கள் வருவதாக இருந்தது. மனைவியும் மகளும் மாட்டுங்கா கடைத்தெருவுக்குப் பூவும் வாழையிலையும் வாங்கப் போயிருந்தார்கள். எனக்கு இரண்டு மணி நேரம் கிடைத்தது. நல்லது செய்கிறோம் என்ற நினைப்போடுதான் தொடங்கினேன். மேசையைத் துடைத்தேன், பென்சில்களை உயர வாரியாக ஒரு குவளையில் நிறுத்தினேன், இரண்டு பை நிறைய உலர்ந்த குப்பை கட்டிக் கீழே கொண்டுபோய் வைத்தேன். துடைப்பதற்கு முன்னும் பின்னும் படமெடுத்து மனைவிக்கு அனுப்பவும் செய்தேன். பாராட்டு வரும் என்று காத்திருந்தேன், மறைப்பானேன்.

வந்தவள் மேசையைப் பார்த்தாள். "அப்பா, ரயில் எங்கே?" என்றாள்.

எந்த ரயில்? எனக்குத் தெரியவில்லை. அப்பாதான் சொன்னார். செம்பூரிலிருந்து கடைசி நிலையமான சிஎஸ்எம்டி (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) வரை மும்பை மின்ரயிலின் ஹார்பர் பாதையில் பதின்மூன்று நிலையங்கள். ஒரு நிலையத்துக்கு ஒரு தீப்பெட்டி. உள்ளறையை இழுத்தால் அந்த நிலையத்தில் அவள் பார்த்தது ஏதாவது ஒன்று உள்ளே இருக்கும். குர்லா பெட்டிக்குள் ஏகப்பட்ட கடுகு, அத்தனை ஜனம். சிவ்ரிக்குள் இளஞ்சிவப்பு நூலில் ஒரு பூநாரை. செம்பூர், திலக் நகர், குர்லா, சுனாபட்டி என்று வரிசையாக முடித்து ரே ரோடு வரை வந்திருந்தாளாம். ஒன்பது பெட்டிகள். எனக்கு அவை காலித் தீப்பெட்டிகளாகத் தெரிந்தன. ஒன்றையாவது இழுத்துப் பார்த்தேனா என்றால் இல்லை.

கீழே ஓடினேன். குப்பை வண்டி போய்விட்டிருந்தது. காவலாளி கையை விரித்தார். திரும்பி வந்து என்ன சொல்வது என்று படிக்கட்டில் யோசித்துக்கொண்டே ஏறினேன். அவள் அழவில்லை. "பரவாயில்லை அப்பா" என்றாள், பெரிய மனுஷி போல. சதுர்த்திக்கு வந்தவர்கள் மேசையைப் பார்த்து மெச்சினார்கள். ஒரு பெரியம்மா மட்டும் கூடுதலாக, "பெண் குழந்தை இப்போதே ஒழுங்காக வைத்துக்கொள்ளப் பழகினால்தானே நல்லது" என்று முத்தாய்ப்பு வைத்தார். நான் சிறுவனாக இருந்தபோது என் பம்பரமும் கோலிக்குண்டும் வீடெங்கும் உருண்டன. என்னிடம் யாரும் இப்படிச் சொன்னதாக நினைவில்லை.

அதன் பிறகு ஏறக்குறைய ஐந்து வாரம் அந்த மேசை நான் வைத்தபடியே சுத்தமாக இருந்தது. பென்சில்கள் உயர வாரியாக நின்றன. அவள் அந்தப் பக்கம் போகவே இல்லை.

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோவில்பட்டியில் 1969-இல் ஓர் அச்சகத்தில் எடுபிடியாகச் சேர்ந்து, அச்சுக் கோக்கப் பழகி, ஆப்செட் அச்சு வந்து ஈய எழுத்துகள் எடைக்குப் போகும் வரை அதையே செய்தவர். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், வழிநடைச் சிந்து, தீப்பெட்டித் தொழிற்சாலைகளுக்கான பில் புத்தகம் என்று எதையும் விட்டுவைத்ததில்லை. எழுத்து கோப்பதைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அப்பா பேசுவது கோத்ததைப் பிரிப்பதைப் பற்றி. அச்சடித்து முடிந்த பக்கத்தைக் கழுவி, ஒவ்வோர் எழுத்தையும் அதனதன் அறையில் திரும்பப் போட வேண்டும். மாலையில் ஒருவன் சோம்பல்பட்டு ஒரு 'ன'வை 'ண' அறையில் போட்டுவிட்டால், மறுநாள் காலை இன்னொருவன் கோக்கும் கல்யாணப் பத்திரிகையில் மணமகன் பெயர் கெடும். "பிரித்துப் போடுகிறவன் நாளைக்கு வேலை செய்யப் போகிறவனை நினைத்துக்கொண்டு போட வேண்டும்" என்பார்.

இதைச் சிறுவயதிலிருந்து நூறு முறை கேட்டிருக்கிறேன். அந்த ஐந்து வாரத்தில்தான் காதில் ஏறியது. நான் மேசையைச் சுத்தம் செய்தபோது யாரை நினைத்துக்கொண்டிருந்தேன்? டோம்பிவிலிக்காரர்களை.

ஒருநாள் இரவு அப்பாவே பேச்சை எடுத்தார். அச்சகத்தில் கோத்து வைத்த பக்கங்கள் மூன்று வகை என்றார். ஒன்று, வேலை நடந்துகொண்டிருப்பது. அதன் பக்கத்தில் யாரும் கையை நீட்டக் கூடாது. இரண்டு, அச்சடித்து முடிந்தது, பிரித்துவிடலாம். மூன்றாவது ஒன்று இருந்தது. அதற்கு 'நிற்கும் மேட்டர்' என்று பெயர். மறுபடி தேவைப்படும் என்று நூல் கட்டி அப்படியே அலமாரியில் வைத்திருப்பார்கள். பார்க்கிறவனுக்கு மூன்றும் ஒரே ஈயக் கட்டிதான். "நீ நடக்கிற வேலையைப் பிரித்துவிட்டாய்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

சரஸ்வதி பூஜை வந்தது. பூஜைக்கு முந்தின நாள் அப்பா பேத்தியைக் கூப்பிட்டு, "உன் ஆயுதங்களை எல்லாம் கொண்டு வா தாயி" என்றார். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய், கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு செருப்புப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள். அப்போதுதான் தெரிந்தது, முக்கியமானவற்றை எல்லாம் அவள் என் கண்ணில் படாத இடத்துக்கு மாற்றிவிட்டிருந்தாள் என்று.

அன்றிரவு அவள் தூங்கிய பிறகு நானும் அப்பாவும் சமையலறைத் தரையில் உட்கார்ந்தோம். இரவு பதினொன்றரை வரை ஆனது. செய்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், வேறு யாருக்காவது உதவும்.

கத்தரிக்கோலின் அலகில் டேப்பின் பசை கறுப்பாக ஏறியிருந்தது. குழந்தைக்கு வெட்ட வராமல் போவதற்குப் பாதிக் காரணம் முனை மழுங்கியதல்ல, இந்தப் பசைதான். தேங்காயெண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விட்டுத் துணியால் அழுத்தித் துடைத்தால் வந்துவிடுகிறது. பிறகு ஒரு துண்டு உப்புத்தாளைப் பத்துப் பன்னிரண்டு முறை அதே கத்தரியால் வெட்டினார் அப்பா. சாணை பிடித்ததுபோல் ஆகிவிடாது. ஆனால் காகிதத்தை மெல்லாமல் வெட்டும். கடைசியில் எண்ணெய் மிச்சமில்லாமல் துடைக்க வேண்டும், இல்லையென்றால் வெட்டும் தாளெல்லாம் கறை.

ஸ்கெட்ச் பேனாக்கள் முப்பத்தொன்று. ஒவ்வொன்றையும் ஒரு தாளில் கோடு கிழித்துப் பார்த்தோம். பன்னிரண்டு செத்திருந்தன. அவை அதே கூட்டத்தில் இருந்ததால்தான் அவள் எந்தப் பேனாவை எடுத்தாலும் எழுதாது என்று அலுத்துப்போயிருக்கிறாள் என்று நினைக்கிறேன். எடுத்ததும் எழுதுகிற பத்துப் பேனா, எழுதுமோ எழுதாதோ என்ற முப்பதைவிட மேல். உயிருள்ளவற்றைப் படுக்கவைத்தோம், நிறுத்தி வைத்தால் மை ஒரு பக்கமாக இறங்கிவிடும். செத்தவற்றையும் எறியவில்லை. பாடம் கற்றிருந்தேனே. தனியாக ஒரு டப்பாவில் போட்டு, காலையில் அவளிடம் கேட்டோம். ஐந்தை எடுத்துக்கொண்டாள், "இவை கம்பங்கள்" என்று. மீதி ஏழைத் தானே குப்பையில் போட்டாள்.

வண்ணத்தூரிகைகளை நாள்கணக்கில் தண்ணீர்க் குவளையில் தலைகீழாக நிற்க விடுவதுதான் நாங்கள் செய்துகொண்டிருந்த பெரிய பாவம். முடி வளைந்துவிடும், மரக்கைப்பிடியின் வர்ணம் உரியும், உலோகப் பூணுக்குள் தண்ணீர் போய் ஆட்டம் காணும். சோப்பு போட்டு உள்ளங்கையில் தேய்த்துக் கழுவி, விரலால் முனையைக் கூர்பிடித்து, படுக்கவைத்துக் காயவிட்டோம். ஃபெவிக்கால் மூக்கில் ஒரு குண்டூசி. டேப்பின் நுனியை மடித்து ஒட்டினால் அடுத்தமுறை நகத்தால் சுரண்ட வேண்டாம். பென்சில்கள் இருபத்து நான்கையும் சீவினோம். சில பென்சில்கள் சீவச் சீவ ஒடிந்துகொண்டே வந்தன; கீழே விழுந்து உள்ளே கரி நொறுங்கியவை. அவற்றை ஒதுக்கினோம். குழந்தை சீவத் தெரியாமல் ஒடிக்கிறாள் என்று நாங்கள் இருவரும் அவளைத் திட்டியிருக்கிறோம்.

எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, புத்தகங்களுக்குப் பக்கத்தில் அடுக்கினோம். பூஜையன்று எதையும் தொடக் கூடாது என்பது வழக்கம். அந்த ஒரு நாளில் எட்டுத் தடவை அவள் பூஜை அலமாரியைச் சுற்றி வந்ததை எண்ணினேன். ஐந்து வாரமாகத் திரும்பிப் பார்க்காதவள்.

இடையில் ஒன்று. தசராவுக்கு முன்பு மும்பை மின்ரயில்களில் ஒரு காட்சி பார்க்கலாம். தினமும் ஒரே பெட்டியில் போகிறவர்கள் சேர்ந்து அந்தப் பெட்டியைத் துடைத்து, சாமந்தித் தோரணம் கட்டி, பூஜை போட்டு, இனிப்பு கொடுப்பார்கள். வருடம் முழுக்க இடித்துத் தள்ளிக்கொண்டு போகிற பெட்டி. தங்களுடையது என்று எந்தத் தாளும் இல்லாத பெட்டி. நான் ஏறும் வண்டியிலும் அந்த வருடம் கட்டியிருந்தார்கள். எனக்குக் கிடைத்த பேடாவில் பாதியை மகளுக்காகக் கைக்குட்டையில் மடித்து வந்தேன். ரயிலுக்குப் பூஜை போட்டார்கள் என்றதும் அவள் முகம் கொஞ்சம் இளகியது. அவ்வளவுதான்.

விஜயதசமி காலை கத்தரிக்கோலை எடுத்து ஒரு பழைய காலண்டர் தாளை ஒரே இழுப்பில் வெட்டினாள். "தாத்தா, ஓடுகிறது!" என்றாள். அப்பாவைத்தான் கூப்பிட்டாள். எனக்கு அது நியாயமாகவே பட்டது.

பொருள்களைத் திரும்ப மேசையில் வைக்கும் வேலை அன்றைக்குத் தொடங்கியது. இதில் அப்பா ஒரு தந்திரம் செய்தார். தரையில் உட்கார்ந்துகொண்டு, "நான் புதிதாக வேலைக்கு வந்த பையன். முதலாளியம்மா, எதை எங்கே போட வேண்டும், சொல்லுங்கள்" என்றார். அவள் சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது சுலபமாக இல்லை.

நானாக இருந்தால் காகிதம் ஓரிடம், பிளாஸ்டிக் ஓரிடம், பசை ஓரிடம் என்று பிரித்திருப்பேன். அவளுடைய பிரிவுகள் வேறு. பாட்டில் மூடி, பொத்தான், செல்லோடேப் வளையம் எல்லாம் ஒரே டப்பாவில்: 'சக்கரம் ஆகக்கூடியவை.' ஐஸ்கிரீம் குச்சியும் துணி மாட்டும் கிளிப்பும் இன்னொன்றில்: 'மனிதர்கள்.' மாத்திரை அட்டை, ஜிகினாத் தாள், சாக்லேட் உறை: 'பளபளா.' கடைசியாக ஒரு பெரிய டப்பா: 'இன்னும் தெரியாது.' ஒவ்வொன்றிலும் அவள் கையாலேயே எழுதி ஒட்டினாள். அப்பா மகிழ்ந்துபோனார். ஈய எழுத்துகளைப் போட்டு வைக்கும் அறைகள் கொண்ட அச்சுக் கேஸிலும் எழுத்துகள் அகர வரிசையில் இருப்பதில்லையாம். அடிக்கடி வருகிற எழுத்துக்குப் பெரிய அறை, கைக்கு அருகில். எப்போதாவது வருவது தொலைவில். வெளியாள் பார்த்தால் தாறுமாறாகத்தான் தெரியும். கோக்கிறவன் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பான்.

இந்த ஏற்பாடு நன்றாக வருவதைப் பார்த்த உற்சாகத்தில் நான் என் இரண்டாவது தவற்றைச் செய்தேன். மஸ்ஜித் நிலையத்தில் இறங்கினால் அப்துல் ரஹ்மான் தெரு, அங்கிருந்து நடந்தால் கிராஃபோர்டு மார்க்கெட். நோட்டுப் புத்தகம், அட்டை, டப்பா எல்லாம் மொத்த விலைக்குக் கிடைக்கும் பகுதி. ஒரு சனிக்கிழமை போய் ஒரே அளவில் பன்னிரண்டு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டப்பாக்கள், இறுக்கமான மூடியோடு, வாங்கி வந்தேன். அடுக்கி வைத்தபோது கடைபோல் பளிச்சென்று இருந்தது. பத்து நாளில் அவள் அவற்றைத் திறப்பதை நிறுத்திவிட்டாள். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய டப்பாவில் கீழே இருப்பதை எடுக்க மேலே இருப்பதை இறக்கி, மூடியை இழுத்துத் திறந்து, எடுத்து, மூடி, மறுபடி ஏற்ற வேண்டும். ஒரு பொத்தானுக்காக யார் இவ்வளவு செய்வார்கள்? பழைய ஸ்ரீகண்ட் டப்பாக்களே மூடியில்லாமல் திரும்பி வந்தன. வண்ணம் குழைக்க முட்டை அட்டை. மணிகளுக்கு அஞ்சறைப்பெட்டி, அதற்கு மட்டும் மூடி வேண்டும் என்று அவளே சொன்னாள், கொட்டினால் பொறுக்க முடியாதாம். கை நீட்டினால் எட்ட வேண்டும், மேலிருந்து பார்த்தால் உள்ளே இருப்பது தெரிய வேண்டும், ஒரே அசைவில் திரும்பப் போட முடிய வேண்டும். என் கணக்கில் இந்த மூன்றையும் தாண்டிய எந்த அழகும் வீண் செலவு.

அந்தப் பன்னிரண்டு டப்பாக்கள் முழுக்க வீணாகவில்லை. மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை சராசரியாக 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. ஜன்னலோரத்துத் தாள் அப்பளம்போல் நமத்துவிடும். போஸ்டர் கலர் அடித்த படங்களில் புள்ளி புள்ளியாகப் பூசணம் பிடிக்கும். கிரேயான் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஒட்டிக்கொள்ளும். வெறும் தாள்களையும் முடிந்த படங்களையும் மழைக்காலத்தில் அந்த இறுக்கமான டப்பாக்களில் வைக்கிறோம், படங்களுக்கு இடையில் ஒரு வெற்றுத்தாள் வைத்து. நன்றாகக் காய்ந்த பிறகுதான் மூட வேண்டும். ஈரத்தோடு மூடினால் நாமே பூசணத்துக்கு வீடு கட்டிக் கொடுத்ததாகிவிடும். செருப்புப் பெட்டிகளில் வருகிற சிறு சிலிக்கா பொட்டலங்களை ஓரத்தில் ஒட்டிவைப்பேன், குழந்தை பிரிக்காதபடி. இராமபாணப் பூச்சிக்கு அப்பா வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து போடுவார். ஏட்டுச்சுவடிக்கு வைத்த மருந்து, பேத்தியின் படத்துக்கு ஆகாதா என்பது அவர் வாதம். பாச்சை உருண்டையைக் குழந்தை கை வைக்கும் இடத்தில் நாங்கள் போடுவதில்லை. அக்டோபரில் வெயில் திரும்பியதும் எல்லாவற்றையும் ஒரு நாள் நிழல் காற்றில் பரப்புகிறோம்.

அட்டை விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் இன்றைக்கும் நிலைத்திருப்பது அதுதான். தாத்தா சொன்ன மூன்று வகையை அவள் பிடித்துக்கொண்டாள். பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டி அட்டைகள் செய்தாள். சிவப்பில் 'நடக்கிறது'. பச்சையில் 'நிற்கிறது'. அட்டை இல்லாதது பிரித்துப் போடுவதற்கு உரியது. வைத்தவள்தான் அட்டையை எடுக்கலாம். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கும் அவளே மராத்தியில் விளக்கிச் சொன்னாள்.

எல்லாவற்றுக்கும் அட்டை வைத்துவிட்டால் என்ன செய்வது என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. இரண்டாவது வாரத்தில் அதுதான் நடந்தது. சாப்பிட உட்கார இடமில்லை. அச்சகத்திலும் இந்தச் சண்டை உண்டாம். நிற்கும் மேட்டரில் கட்டிக்கிடக்கும் எழுத்தை வேறு வேலைக்கு எடுக்க முடியாது, புது எழுத்து வாங்கப் பணம் வேண்டும், எனவே முதலாளி நச்சரிப்பார். செருப்பு அலமாரியின் மேல்தட்டை 'நிற்கிறது' வகைக்கு ஒதுக்கினோம். ஐந்து பொருளுக்கு இடம். ஆறாவது வந்தால் ஒன்றை அவள் இறக்க வேண்டும். முதலில் முறைத்தாள். ஒருநாள் புது வண்டிக்குச் சக்கரம் போதாமல் போகவே, மூன்று வாரமாக நின்றிருந்த பொம்மைக் குளிர்சாதனப் பெட்டியை அவளே உடைத்து நான்கு மூடிகளை எடுத்துக்கொண்டாள். பிரிப்பது அழிப்பது ஆகாது என்று நான் வாயால் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.

இன்னொன்று, எல்லை. மேசைக்கு அடியில் ஒரு பழைய போர்வை விரித்திருக்கிறோம். போர்வைக்குள் அவள் ராஜ்யம். தாண்டி வந்ததை நாங்கள் எடுக்கலாம், ஆனால் குப்பைத் தொட்டிக்குப் போகாது. ஒரு எவர்சில்வர் தட்டில் போடுவோம், இரவு அவள் வந்து மீட்டுக்கொள்வாள். காலில் பொத்தான் குத்தியபோதெல்லாம் என் மனைவி இந்தத் தட்டைப் பெரிய நாகரிகம் என்று கிண்டல் செய்வாள். அவள் பக்கமும் நியாயம் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை மாலை பதினைந்து நிமிடம் பிரித்துப் போடும் நேரம். கடிகாரம் வைத்துத்தான். அவள் சொல்ல, நானும் அப்பாவும் போடுவோம். ஒருமுறை அலுவலக எரிச்சலோடு உட்கார்ந்து, டப்பாவில் பொத்தானைக் கொஞ்சம் ஓசையோடு எறிந்துவிட்டேன். "நீ போய் டீ குடித்துவிட்டு வா அப்பா" என்றாள். போனேன். கோபத்தில் ஒழுங்குபடுத்தினால் குழந்தைக்கு அது கணக்குத் தீர்ப்பது போலத்தான் கேட்கிறது. அந்த மாதிரி நாள்களில் தொடாமலிருப்பதே மேல்.

முடிந்த படங்களில் எதை வைப்பது, எதைப் பழைய பேப்பர்காரருக்குப் போடுவது என்பதும் அவள் கையில்தான். பின்பக்கம் தேதி எழுதச் சொல்வேன். அதற்கு மேல் என் தலையீடு இல்லை. வருடத்துக்கு ஒரு டப்பா. நான் வைத்துக்கொள்ள ஆசைப்பட்ட படங்களை அவள் இரக்கமில்லாமல் கழித்துவிடுகிறாள். ஒன்றிரண்டை நான் திருட்டுத்தனமாக அலுவலகப் பையில் வைத்திருக்கிறேன்.

இந்த ஒழுங்கெல்லாம் ஓரளவு நிலைத்த பிறகு, அப்பா தன் பெட்டியின் அடியிலிருந்து ஒரு பழைய மூக்குப்பொடி டப்பாவைக் கொண்டு வந்தார். எனக்கே தெரியாத டப்பா. உள்ளே ஒற்றை ஈய எழுத்து: பழைய 'லை', யானை துதிக்கையைத் தூக்கியதுபோல் மேலே சுழி போட்டது. 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்த பிறகு ணை, லை, ளை, னை எல்லாம் துதிக்கையை இழந்தன. அந்த அச்சுகளும் கொஞ்சம் கொஞ்சமாக உருக்கப் போயின. இதை மட்டும் அப்பா எடுத்து வைத்திருக்கிறார். நாற்பது வருடத்துக்கு மேல். நிற்கும் மேட்டர்தான். என் அம்மா உயிரோடு இருந்த காலத்தில் எத்தனை போகிக்கு அந்த டப்பா தப்பியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன்.

அச்சு உலோகம் ஈயமும் ஆன்டிமனியும் வெள்ளீயமும் கலந்தது என்பதால் குழந்தை கையில் கொடுக்கவில்லை. அப்பாவே பிடித்து மைத்திண்டில் ஒற்றித் தாளில் அழுத்தினார்; பிறகு சோப்பு போட்டுக் கைகழுவினார். தாளில் யானைகள் வரிசையாக நடந்தன. அவள் கால்கள் வரைந்து சேர்த்தாள். அந்தத் தாளுக்குப் பச்சை அட்டை.

ரயில் மட்டும் பாக்கி இருந்தது. நான் நாலைந்து வாரம் சேர்த்து ஒன்பது தீப்பெட்டிகளைக் காலி செய்து அவள் மேசையோரம் வைத்தேன். கேட்கவில்லை, வைத்தேன். அவள் அவற்றை எடுத்து, ஒட்டி, மணிகளுக்கான சிறு இழுப்பறைகள் செய்துகொண்டாள். நன்றாகத்தான் இருந்தன.

டிசம்பரில் ஒரு நாள் அலுவலகம் முடிந்து தாமதமாக வந்தேன். எல்லோரும் தூங்கியிருந்தார்கள். கூடத்து விளக்கைப் போட்டால் மேசை ரணகளம். வெட்டிய காகிதம், வழிந்த வண்ணம், மூடியில்லாத பேனா. நடுவில் சிவப்பு அட்டை, அதன் பக்கத்தில் நான்கு தீப்பெட்டிகள், ஒரு நூலில் கோத்து. குனிந்து படித்தேன். டாக்யார்டு ரோடு, சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு, மஸ்ஜித், சிஎஸ்எம்டி.

மறுநாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவளிடம் கேட்டேன், முதல் ஒன்பது நிலையங்களை ஏன் செய்யவில்லை என்று. நுரையைத் துப்பிவிட்டுச் சொன்னாள்: "அதையெல்லாம் வண்டி தாண்டிவிட்டது அப்பா."

அதற்கு முந்தின இரவு, மஸ்ஜித் பெட்டியின் பசை இன்னும் காயாமல் வெள்ளையாக இருந்தது. உள்ளறையை இழுத்துப் பார்க்க ஆசையாக இருந்தது, இழுக்கவில்லை. ஃபெவிக்கால் திறந்து கிடந்தது. அதை மூடினேன். நீலப் பேனாவுக்கு மூடியைத் தேடிப் போட்டேன். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன்.